சாந்தா ரொசாலியாவுக்குக் கடல் வழியாக

என் தங்கை அம்பாரோ ஏப்ரல் மாதம் தன் புருஷன் நிக்கனோரை விட்டுவிட்டுப் போனாள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் லா பாஸ் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த கெடு முடியும்வரை காத்திருந்தாள். முடிந்த மறுநாள், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சாந்தா ரொசாலியாவில் இருக்கும் எங்கள் அக்கா ரெமெதியோஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

காரணம் எங்கள் ஊர் லோரெத்தோ முழுக்கத் தெரியும். ஆபரேஷன் அன்று நிக்கனோர் அவள் கட்டில் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து, "மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவன், அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் திரும்பினான். இடையில் இரண்டு நாள்.

உட்காரத் தெரியாத ஆள் அவன். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தபடியே தின்பான். ஒரே மகளின் கல்யாணத்தில், பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய் யாரோ ஒருவனுக்கு லாரி டயர் மாட்டிக்கொடுத்துவிட்டு, கையெல்லாம் கரியோடு வந்து நின்றான். படகில் மட்டும்தான் அவனைப் பார்க்கச் சகிக்கும். கடலே ஆடிக்கொண்டிருப்பதால் அவன் ஆடுவது தெரியாது.

முப்பது வருஷமாக, தூண்டில் போடும் ஆசையோடு வெளியூர்களிலிருந்து வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போவது அவன் தொழில். பதினாறு வருஷமாக நான் அவன் கூடவே இருக்கிறேன். அவன் சுக்கான் பிடிப்பான், நான் இரை கோப்பேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ரெமெதியோஸ் எனக்குப் போன் செய்தாள். "காசியானோ, உன் தங்கச்சி குவாய்மாஸ் போறா. வர்ற வெள்ளிக்கிழமை, நாலு மணிக் கப்பல். கடலுக்கு அந்தக் கரையில துணி தைக்கிற வேலை கிடைச்சிருக்காம். அவன்கிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

நான் போய்ச் சொன்னேன். நிக்கனோர் மோட்டாரைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். "சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, துடைத்த சாமானையே மறுபடி துடைத்தான்.

அந்தத் திங்கள் முதல் வெள்ளி வரை எங்களுக்கு ஒரு ஆள் பதிவாகியிருந்தது. குவாதலஹாராவில் பல் டாக்டராக இருக்கும் ஒர்த்தென்சியா அம்மா. அறுபது வயசு. ஒல்லியான உடம்பு, ஆண்களுக்கான தொப்பி. வருஷா வருஷம் ஜூனில் வருவாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மீன்தான். நாங்கள் சேவல் மீன் என்போம். முதுகில் சேவல் கொண்டையைப் போல ஏழு நீளமான முள் நிற்கும். கோபம் வந்தால் அது கொண்டையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். அதில் இருபது கிலோவுக்கு மேல் ஒன்றை, மெல்லிய தூண்டில் நரம்பில் பிடித்து, தொட்டுப் பார்த்து, விட்டுவிட வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த ஆசை அவளுக்குக் கைகூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து இறங்கியதுமே நிக்கனோர் சொன்னான்: "டாக்டரம்மா, இந்த வருஷம் சேவல் மீன் இங்க இல்ல. எல்லாம் வடக்கே ஏறிப் போயிருச்சு. படகுலயே அப்படியே கரையோரமா போவோம். ராத்திரிக்கு மணல்ல கூடாரம். வெள்ளிக்கிழமை சான் மார்கோஸ் தீவு. அங்க பிடிச்சுக் குடுக்கலைன்னா என் பேரு நிக்கனோர் இல்ல."

சான் மார்கோஸ் தீவிலிருந்து சாந்தா ரொசாலியா ஒரு மணி நேரம்தான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. டாக்டரம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "மாப்ள, பஸ்ல போனா மூணு மணி நேரம்."

"எதுக்கு பஸ்ல போகணும்? வேலைக்குப் போறேன்."

"வேலைக்கா? பொண்டாட்டியப் பாக்கப் போறேன்னு சொல்ல வெக்கமாயிருக்கா? போற வழியில எட்டிப் பாத்தேன்னு சொல்றதுக்கு அஞ்சு நாள் கடலைச் சுத்தப் போறியா?"

"மச்சான், பெட்ரோல் டின்னைத் தூக்கி வைங்க."

வைத்தேன். வேறென்ன செய்வது?

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கொரொனாதோஸ் தீவைத் தாண்டுவதற்குள்ளேயே, மிதக்கும் கடல்பாசிக்கு அடியில் தொராதோ மீன் கூட்டம். பச்சையும் தங்கமுமாக மின்னிக்கொண்டு இரண்டு தூண்டிலில் ஒரே சமயத்தில் பாய்ந்தன. டாக்டரம்மா சிறு பிள்ளை மாதிரி கத்தினாள். நாலு மீன் ஆனதும் நிக்கனோர் மோட்டாரைக் கிளப்பிவிட்டான்.

"ஏன் கேப்டன்? இன்னும் நிறைய இருக்கே?"

"வடக்கே இதைவிட அதிகம் இருக்கு டாக்டரம்மா."

செவ்வாய்க்கிழமை சான் ஹுவானிகோ வளைவில் பாறையடியில் பெரிய களவா மீன்கள் கடித்தன. அங்கேயும் அதே கதை. புதன்கிழமை புல்பிதோ முனையைச் சுற்றிப் போகும்போது கூழைக்கடாக்கள் கல் விழுவது போல விழுந்து சாளை மீனை அள்ளிக்கொண்டிருந்தன. எந்தத் தூண்டில்காரனும் விட்டுப் போக மாட்டான். நிக்கனோர் அதன் நடுவிலேயே படகை ஓட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே கவனித்தாள்.

கரையில் இறங்கினால் அவன் தொல்லை இன்னும் கூடுதல். கூடாரம் கட்டுவான், பத்து நிமிஷத்தில் பிடுங்கி வேறு இடத்தில் கட்டுவான். அடுப்பில் பீன்ஸ் கொதிக்கும்போது மணலில் கால் கிலோமீட்டர் நடந்துவிட்டு வருவான், மறுபடி போவான். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் கள்ளிச் செடியும் அவனுமாக. நான் மாவை உருட்டித் தொர்த்தீயா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்க கேப்டனுக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன்.

வியாழக்கிழமை முலெகே போய்ச் சேர்ந்தோம். நிக்கனோர் பெட்ரோல் வாங்க ஊருக்குள் போனான். டாக்டரம்மாவும் நானும் ஆற்று முகத்தில் ஈச்ச மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காசியானோ, நாப்பது வருஷமா வாயைத் திறக்கச் சொல்றதுதான் என் தொழில். நீங்களாத் திறந்துட்டா நல்லது. நாம எங்க போறோம்?"

திறந்துவிட்டேன். அம்பாரோ, ஆஸ்பத்திரி, கப்பல், நாலு மணி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பயமாகிவிட்டது. அவள் நாளும் அவள் செலவும் எங்கள் வீட்டுக் கதைக்காகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மூணு நாளா நல்ல மீனையெல்லாம் தாண்டித் தாண்டி வந்தோமே, அதுக்கு இதுதானா?" என்றாள். "அந்த ஆளை என் நாற்காலியில கட்டிப்போட்டு, மயக்க ஊசி போடாம நாலு பல்லைப் பிடுங்கணும்."

"பிடுங்குங்க. நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் நிக்கனோர் திரும்பி வந்தபோது அவனிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சிவாத்தோ முனையைத் தாண்டி சான் மார்கோஸ் தீவுக்குப் போனோம். தெற்கிலிருந்து காற்று லேசாகக் கிளம்பியிருந்தது. தீவின் மணல் ஓரத்தில் உயிருள்ள மடவை மீனை முள்ளில் கோத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனோம். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றும் இல்லை. நிக்கனோர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையின் முட்டியால் படகு விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரு மணிக்கு, "கயிறைச் சுருட்டுங்க மச்சான், நேரமாச்சு" என்றான்.

நான் எழுந்தேன். அப்போதுதான் மடவைக்குப் பின்னால் தண்ணீர் பிளந்தது. ஏழு கறுப்பு முள் வரிசையாக எழுந்தது. மடவை உயிருக்குப் பயந்து வெளியே துள்ளியது, மறுபடி துள்ளியது, மூன்றாவது முறை விழுந்த இடத்தில் தண்ணீர் ஒரு சுழி சுழித்து அடங்கியது.

"விடுங்க, விடுங்க, முழுங்கட்டும்!" நிக்கனோர் தன்னை மறந்து கத்தினான். "இப்ப!"

டாக்டரம்மா தூண்டில் கழியை இழுத்தாள். நரம்பு சுற்றிய ராட்டை கதறியது. இருநூறு மீட்டர் நரம்பு ஒரே ஓட்டத்தில் போயிற்று.

அந்த மாதிரி மீனை நான் எண்ணி மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் அது எங்களைத் தீவின் ஓரமாக இழுத்தது. நிக்கனோர் படகை அதன் பின்னாலேயே, நரம்பு தொய்யாமல், அறுபடாமல் கொண்டுபோனான். அந்தத் திறமையில் அவனுக்கு ஈடு இந்தக் கரையில் கிடையாது. ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றே முக்கால். இரண்டு. இரண்டே கால். காற்று வலுத்து, அலைத் தலைகள் வெளுத்துவிட்டன. இனி சாந்தா ரொசாலியாவுக்கு ஒரு மணி நேரம் போதாது.

இரண்டே முக்காலுக்கு மீன் மேலே வந்தது. படகிலிருந்து பத்தடி தூரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தது. இருபத்தைந்து கிலோ இருக்கும். எங்களைப் பார்த்ததும் மறுபடி கீழே இறங்கியது. இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும். டாக்டரம்மாவின் உதட்டில் உப்புப் பூத்திருந்தது.

கண்ணை நரம்பிலிருந்து எடுக்காமல் அவள் கேட்டாள்: "கேப்டன், கப்பல் எத்தனை மணிக்கு?"

நிக்கனோர் என் பக்கம் திரும்பிய பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "மச்சான்!"

"அவரைத் திட்டாதீங்க. எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு. அது இருக்கட்டும் டாக்டரம்மா. மீனைப் பாருங்க."

"கத்தி எடுத்து அறுங்க."

"முப்பது வருஷத்துல ஏறின ஆளோட மீனை நான் அறுத்ததில்ல. முதல்ல மீன், அப்புறம்தான் மத்தது."

"பொய்" என்றாள் அவள். "மூணு நாளா எனக்குக் கிடைச்ச மீனையெல்லாம் விட்டுட்டு ஓடி வந்தீங்களே, அப்ப எங்க போச்சு இந்த நியாயம்? இப்ப கிட்ட வந்ததும் உங்களுக்குக் கால் ஆடுது. அங்க போகாம இருக்க ஒரு சாக்கு வேணும். என் மீன் அதுக்குக் கிடைச்சுதா?"

அவன் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒன்பது வருஷம்" என்றாள் டாக்டரம்மா. பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அவ்வளவு பெரிய படிப்பு படித்தவள் வாயில் அதை நான் எதிர்பார்க்கவில்லை. ராட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கழி வில்லாக வளைந்தது. டப் என்று ஒரு சத்தம். நரம்பு காற்றில் சுருண்டு திரும்பி வந்தது.

அதற்கு நிக்கனோர் போட்ட கூச்சல் தீவில் இருக்கும் சுரங்கத்துக்காரர்களுக்கே கேட்டிருக்கும். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! இருபத்தஞ்சு கிலோ! கையால தொடுற தூரத்துல! நீங்கல்லாம் மனுஷிதானா?"

"ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் படகின் அடிப்பலகையில் உட்கார்ந்து, தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று நான் பார்க்கவில்லை.

நிக்கனோர் ஓட்டினான். படகு அலையிலிருந்து அலைக்குத் தாவி விழுந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஓட்டம். சாந்தா ரொசாலியாவின் அலைத்தடுப்பைத் தாண்டி உள்ளே நுழையும்போது மணி நாலேகால். கப்பல் போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. வெள்ளையாக, பெரிதாக அங்கேயே நின்றது. லாரிகள் வரிசையாக இன்னும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்கு முன்னால் கிளம்பாது என்று துறைமுகத்தில் ஒருவன் சொன்னான்.

அம்பாரோ தகரக் கொட்டகையில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் ரொட்டிப் பொட்டலம். இரண்டு மாதத்தில் கொஞ்சம் சதை போட்டு, முகம் தெளிந்திருந்தது. எங்கள் மூன்று பேரையும், உப்பு காய்ந்த முகமும் நனைந்த துணியுமாக வருகிறவர்களை, தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"என்ன கேப்டன், இந்தப் பக்கம்?"

"இந்த டாக்டரம்மாவை மீன் பிடிக்கக் கூட்டிட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தான் நிக்கனோர். "அப்படியே வழியில..."

டாக்டரம்மா தொண்டையைக் கனைத்தாள். ரொம்பச் சின்னச் சத்தம்தான்.

அவன் நிறுத்தினான். தொப்பியை எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டான். "இல்ல. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். திங்கக்கிழமையிலேர்ந்து வந்துட்டிருக்கேன்."

"பஸ்ல மூணு மணி நேரம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அஞ்சு நாள்?"

"பயமா இருந்துச்சு அம்பாரோ."

நானும் டாக்டரம்மாவும் அப்போதே விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கொட்டகைக்கு வெளியே எலுமிச்சைச் சாறு விற்கிறவளிடம் போவது போலப் போய், காது கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டோம்.

"உக்காரு" என்றாள் அம்பாரோ. அவன் பக்கத்திலிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மோட்டாருக்கு என்ன சாமான் வாங்கினே? அன்னிக்கு, லா பாஸ்ல. நான் பாத்துட்டே இருந்தேன், வீட்டுக்குப் புதுசா ஒண்ணும் வரலையே."

"கடைக்கே போகல."

"அப்புறம் ரெண்டு நாள் எங்க இருந்தே?"

"கடற்கரை ரோட்டுல. இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு நடந்துட்டே இருந்தேன். உன் மூக்குல குழாயைப் பாத்ததும் என்னால மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனையோ தடவை வந்தேன். வாட்ச்மேனைக் கேளு, அவனுக்கு என்னைத் தெரியும். உள்ள வரக் காலு வரல."

அவள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, மறுபடி மடித்தாள். ஒரு லாரி பின்னால் போய்ப் பின்னால் போய்க் கப்பலுக்குள் நுழைந்தது.

"நீ எவளையோ பாக்கப் போயிருக்கேன்னு ரெமெதியோஸ் சொன்னா" என்றாள் கடைசியில். "நான் நம்பல. அவ்வளவு நேரம் ஒரு பொம்பளைகிட்ட நீ உக்காரமாட்டே."

குடித்துக்கொண்டிருந்த எலுமிச்சைச் சாறு என் மூக்கில் ஏறியது.

"வீட்டுக்கு வா" என்றான் நிக்கனோர்.

"மாட்டேன்."

"இன்னும் கோபமா?"

"கோபம் மே மாசமே போயிருச்சு. உனக்கு மட்டும்தான் காலு இருக்குன்னு நினைச்சியா? இருபத்தாறு வருஷம் அடுப்படி ஜன்னல் வழியா இந்தக் கடலையே பாத்துட்டு நின்னேன். நீ ஒரு நாளைக்கு நாலு தடவை போவே, வருவே. யாராவது உக்காந்தாத்தான் வீடு வீடா இருக்கும்னு நான் உக்காந்தேன். எனக்கு என்ன, கல்லு உடம்பா? நாப்பத்தொம்பது வயசாச்சு. அந்தக் கரை எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும். வேலையும் இருக்கு. போறேன்."

நிக்கனோர் எழுந்துவிட்டான். கப்பல் வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். அம்பாரோ பெட்டி மேல் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை அவள் எழுந்து அவன் கூடவே நடந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் துறைமுகத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக, ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, கப்பல் ஊதும்வரை நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெட்டிக்குக் காவல் நான்.

கிளம்பும்போது அவன் பெட்டியைத் தூக்கப் போனான். அவள் விடவில்லை. ஏணிப்படியில் நின்று திரும்பி, "வர்றதுன்னா டிக்கெட் எடுத்து வா. வழியில வந்தேன்னு சொன்னா கதவைத் திறக்க மாட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, அந்த டாக்டரம்மாவுக்கு நல்ல சாப்பாடா வாங்கிக் குடு. பாவம், அவங்க மூஞ்சியப் பாரு" என்றாள்.

சனிக்கிழமை டாக்டரம்மாவைத் தெற்கே லோரெத்தோ விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டியது எங்கள் வேலை. அவளோ விமானத்தை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டு, "புல்பிதோ முனையில என் மீனுங்க இருக்கு, அதைக் காட்டுங்க" என்றாள். காட்டினோம். அந்த இரண்டு நாளுக்கு நிக்கனோர் அவளிடம் காசு வாங்கவில்லை. சேவல் மீன் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஒன்பது கிலோவில் ஒன்று கிடைத்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படம்கூட எடுக்காமல் விட்டுவிட்டாள்.

அம்பாரோ போன அதே வருஷம் ஆகஸ்டில் நிக்கனோர் முதல் முறை டிக்கெட் எடுத்து குவாய்மாஸ் போனான். நாலு நாளில் திரும்பி வந்தான். சுவர் ரொம்பக் கிட்டக்கிட்ட இருக்கிறது, வெயில் அடுப்பு மாதிரி இருக்கிறது என்றான். அக்டோபரில் மறுபடி போய்ப் பதினொரு நாள் இருந்தான். இப்போது பெரும்பாலும் அங்கேதான். அம்பாரோ தைக்கும் கடையில் மிஷின்கள் அடிக்கடி நின்றுபோகும். இவன் அவற்றைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறானாம். காலையில் இறால் படகுகள் வரும் துறைக்குப் போகிறான். போகும் முன் அவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு முறை மறந்து, இரண்டு முறையும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான்.

என் தங்கை லோரெத்தோவுக்குத் திரும்பவில்லை. திரும்புவாள் என்று நானும் சொல்ல மாட்டேன். படகில் இப்போது சுக்கான் பிடிப்பது பெரும்பாலும் நான்தான். போன வாரம் போனில் பேசினாள். கரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இங்கேயும் அதே கடல்தான் அண்ணா" என்றாள். "ஆனா சூரியன் தண்ணியில இறங்குது. நம்ம பக்கம் தண்ணியிலேர்ந்து ஏறும். அதைப் பாக்கவே தினமும் சீக்கிரம் வேலையை முடிச்சுடறேன்."

போனில் அவளுக்குப் பின்னால் நிக்கனோர் யாரிடமோ திருகாணி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.